சுகம் பெற்றவர் குளிக்கிறார்

உள்ளே போன மனுசனைக் காணோம். காணோம் என்றால் தொலைந்துபோனார் என்றில்லை. அந்தா, ஆம்பளைகள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் நிற்கிற அத்தனை முதுகுகளில் ஒன்று அவருடையதுதான். எது என்றுதான் பாக்கியசீலிக்குத் தெரியவில்லை. தண்ணீர் விழுகிற வேகத்தில் எல்லா முதுகும் ஒரே முதுகாகத் தெரிகிறது. சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறவரா? இல்லை, அவர் கட்டிக்கொண்டு போனது நீலக் கட்டம் போட்டது. நீலம் நனைந்தால் கறுப்பாகிவிடுமே, அங்கே எல்லாத் துண்டும் கறுப்பாகத்தான் கிடக்கிறது. கட்டின புருசன் முதுகு ஒருத்திக்கு அடையாளம் தெரியாதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிறவன் ஒரு தொந்திக்காரரைக் குப்புறப் படுக்கப்போட்டுப் படார் படார் என்று அடிக்கிறான், அந்தச் சத்தத்துக்கே இவள் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது. மடியில் அவர் சட்டை, பேண்ட், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு எதிரே நிற்கிற ஆள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஏ ஆண்டவரே, கண்ணும் தெரியாமல் வழுக்குப் பாறையில் போய் நிற்கிறாரே, அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால்? வராது. வந்துவிட்டால்? வராது வராது, வாயைக் கழுவு. வந்தால்தான் யாருக்குத் தெரியப்போகிறது? உடம்பு வெட்டி வெட்டி இழுத்தால் குளிருக்கு நடுங்குகிறார் என்றுதானே பக்கத்து ஆள் நினைப்பான். அங்கே எல்லாருமேதான் நடுங்குகிறார்கள்.

வலிப்பு. அந்தச் சொல்லை மனசுக்குள்கூடச் சொல்லாமல் எத்தனை மாதம் ஓட்டிவிட்டாள். அருமைநாயகத்துக்கு அது சின்ன வயதிலேயே வந்தது. மறைத்துக் கட்டிவைக்கவில்லை, பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் வாயால் சொன்னார், அதற்காகவே இவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆற்றுப் பக்கம் விடமாட்டார்கள், கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள், சைக்கிள் தொடக்கூடாது, மாடிப்படியில் தனியாக ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்தில் குற்றாலத்துக்கு டூர் கூட்டிப்போனபோது வகுப்பு மொத்தமும் போக, இவரை மட்டும் நிறுத்திவிட்டார்கள். போய்வந்த பையன்கள் அருவி தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் பேசினார்களாம். எப்படி இருக்கும்டா, எப்படி இருக்கும்டா என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டேன் சீலி என்று கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கிற சமாச்சாரமா அது? இங்கே குழந்தைகள் குளிக்கிறதற்கு ஒரு தொட்டி கட்டிவிட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதிலே ஒரு வாண்டு முங்கி முங்கி எழுகிறது, அதன் தாய்க்காரி பஜ்ஜி தின்றுகொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்துவைத்தவள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் புத்தகக் கடையில் அவருக்கு வேலை. புற்றுநோய் தீர்ந்தவர், கப்பல் உடைந்து பிழைத்தவர், குடியை விட்டவர் என்று ஊர் உலகத்துச் சாட்சியெல்லாம் சின்னச் சின்னப் புத்தகமாக அடுக்கி வைத்து விற்கிற வேலை. விற்கிறவர் சும்மா விற்பாரா, ஒன்று விடாமல் படித்தார். படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு படுப்பார்.

சரி, அவர்தான் அப்படி, நீ ஏன் எழும்பினாய்? இந்தக் கேள்வியை அவள் எத்தனை தரம் தன்னிடமே கேட்டிருப்பாள். வருஷக் கடைசி ஆராதனை. பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் சுகம் பெற்றவர்கள் எழும்பி வந்து சாட்சி சொல்லுங்கள், இன்னும் பெறாதவர்களும் வரலாம், பெற்றுக்கொண்டோம் என்று முதலில் வாயால் அறிக்கை செய்யுங்கள், பெறுவது தானாகப் பின்னால் வரும் என்றார். அவர்கள் சபையில் அதுதான் வழக்கம். வேலை கிடைக்காத பையன் கிடைத்துவிட்டது என்று எழும்பிச் சொல்லுவான், அடுத்த மாதம் கிடைத்தும்விடும், கிடைக்காதவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஜெபக் குறிப்பில்தான் இருந்தார்கள். பிள்ளை இல்லை, அதற்கு ஜெபம். அவருக்கு வலிப்பு, அதற்கு ஜெபம். நன்றி சொல்லுகிற பக்கத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. புதிதாக ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அந்த வருஷம் பாதிக்கு மேல் ஒரு தடவைகூட வரவில்லை, அந்தத் தைரியம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நானும் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறேனே என்ற ஆசை. எழும்பிவிட்டாள். என் வீட்டுக்காரருடைய நோயைக் கர்த்தர் வேரோடு எடுத்துப்போட்டார் என்று சொல்லிவிட்டாள். சபை மொத்தமும் கைதட்டி ஆர்ப்பரித்தது, அவளுக்குப் புல்லரித்துப்போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் அவள் நிஜமாகவே நம்பினாள். திரும்பி அவரைப் பார்த்தால் மனுசன் தேம்பித் தேம்பி அழுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய் பாஸ்டர் காலடியில் வைத்துவிட்டார். சீட்டை அங்கேயே கிழித்தார்கள். வீட்டுக்கு வந்து, என்னங்க இது, மாத்திரையை மட்டும் சும்மா போட்டுக்கிட்டா என்ன என்று இவள் இழுத்தபோது அவர் சொன்னார், "நீ அத்தனை பேர் முன்னால சொன்ன பெறவு நான் மாத்திரை தின்னா கர்த்தரைப் பொய்யராக்குனது மாதிரி ஆகாதா சீலி?"

பிறகு ஒரு நாள் காலையில் தோசையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் அப்படியே நின்றது. கண் இவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, அவ்வளவுதான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தின்றார், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இப்படியும் அது வரும் என்று இவளுக்குத் தெரியும். அவர் கடைக்குப் போனதும் ஓடினாள், தெரிந்த மெடிக்கல்காரப் பையன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி மாத்திரை வாங்கினாள், இஞ்சி தட்டுகிற கல்லில் வைத்துப் பொடித்தாள். காலையும் சாயங்காலமும் அவருக்குச் சுக்குக் காப்பி. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்ட காப்பியில் எந்தக் கசப்புத்தான் தெரியும்? "இப்பல்லாம் சுக்கைக் கூடப் போடுதியே" என்பார், மடக் மடக்கென்று குடித்துவிடுவார். டம்ளரைத் திருப்பி வாங்கும்போது அடியில் வண்டல் நிற்கிறதா என்று பார்ப்பாள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் மனுசன் என்ன ஆட்டம் ஆடினார்! இந்த வயதில் சைக்கிள் பழகினார். தாமிரபரணியில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றுவிட்டு வந்தார். பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறார். சபை சபையாகப் போய்ச் சாட்சி சொல்கிறார், அடுத்த மாதம் கன்வென்ஷன் மேடையில் பேசப்போகிறார். குனிந்தே நடந்த மனுசன் நிமிர்ந்து நடக்கிறார், அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வருகிறது. அத்தனையும் என் இடிகல்லில் பொடித்ததல்லவா? சபையில் அவர் தழுதழுத்துப் பேசும்போது இவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பெண்கள் தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் இந்தக் குற்றால டூர் வந்து தொலைந்தது. சீசன் ஆரம்பித்துவிட்டது, கடையில் லீவு சொல்லிவிட்டேன், கிளம்பு என்றார். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஃபிளாஸ்க் எடுத்தாள், சுக்குத்தூள் எடுத்தாள், மாற்றுத்துணி, போர்வை, பைபிள், அவருக்கு மஃப்ளர். பொடி இருந்த சின்ன டப்பாவை எடுக்கவில்லை. எடுத்து வெளியே வைத்ததுதான், அந்த நேரம் அவர் அடுப்படிக்குள் வந்தார், சட்டென்று உப்பு ஜாடிக்குப் பின்னால் தள்ளினாள், அங்கேயே இருந்துவிட்டது. பஸ் ஆலங்குளம் தாண்டும்போது ஞாபகம் வந்தது. பாவி மட்டை, இருந்திருந்து இதையா மறப்பாய்? இறங்கிவிடலாமா என்று பார்த்தாள், என்ன காரணம் சொல்லி இறங்க? அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்தா மலை, அந்தா மேகம் என்று குழந்தை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். முதல் வேலையாக லாட்ஜுக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்குப் போனாள். சோப்பு வாங்கிவருகிறேன் என்று பொய். கடைக்காரர், டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை தரமாட்டோம்மா என்றுவிட்டார். இன்னொரு கடையிலும் அதையேதான் சொன்னார்கள். சீட்டு எங்கே? பாஸ்டர் காலடியில் கிழிந்து கிடந்தது. சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஆக நேற்றும் இல்லை, முந்தா நாளும் இல்லை. பழகின உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று அந்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே. நேற்று முழுக்க மழை, அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. நன்றி கர்த்தாவே என்று வாய்விட்டே சொன்னாள். இன்றைக்குக் காலையில் திறந்துவிட்டார்கள். தலைவலி, ரூமில் இருப்போமே என்றாள். நீ வெளியே உக்காந்து பாரு போதும் என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

அந்தா ஒருத்தர் சாய்கிறார். இல்லை, குனிந்து செருப்பைத் தேடுகிறார், வேறே யாரோ. சாரல் முகத்தில் அடிக்கிறது, துடைக்கத் துடைக்க அடிக்கிறது. ஆனால், ஆனால் பாக்கியசீலி, இரண்டு நாள் முழுசாக ஆகிவிட்டதே, வரவில்லையே? வந்திருக்கவேண்டுமே? ஒருவேளை நிஜமாகவே சுகமாகியிருந்தால்? இந்த இடத்துக்கு வந்தால்தான் அவளுக்கு மூளை முள்ளில் மாட்டின சேலையாக நின்றுவிடுகிறது, முன்னேயும் போகாது பின்னேயும் வராது. அன்றைக்கு அவள் எழும்பிச் சொன்னபோதே கர்த்தர் குணமாக்கியிருந்தால்? தோசைக் கையோடு நின்றது வேறு ஏதாவது யோசனையாக இருந்திருந்தால்? பொடித்துப் பொடித்துக் கொடுத்தவள் அதை எப்படித் தெரிந்துகொள்வாள்? கர்த்தருக்கு ஒரு வேளை, ஒரே ஒரு வேளை இடம் விட்டிருப்பாளா? கடவுளை நம்பாதவள்கூட இந்த வேலை செய்திருக்கமாட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும். அவர் நல்லபடியாக வெளியே வந்தால் சுகம். வராவிட்டால். சீ, என்ன ஜென்மம் நான், தாலி கட்டினவர் உயிரை வைத்தா சோதித்துப் பார்க்கிறது! கோயிலில் மணி அடிக்கிறார்கள். அருவியை ஒட்டியே கோயில். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் காதை அடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லப் பழகினவள். இன்றைக்கு அந்த மணிக்கும் ஒரு கும்பிடு போட்டால் என்ன என்று தோன்றுகிறது. யார் கேட்டால் என்ன, யாராவது கேட்டால் சரி. அப்படித் தோன்றினதற்கு அழுகை வந்தது. அழுதால் சாரலோடு சாரலாகப் போயிற்று, பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியவில்லை.

"சீலி!" என்று சத்தம் கேட்டது. எதிரே நிற்கிறார். சொட்டச் சொட்ட, பல்லெல்லாம் தந்தியடிக்க, உதடு நீலம் பாரித்து, முகம் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. "அடி ஆத்தி, என்னா அடி அடிக்கி தெரியுமா? மண்டைக்குள்ள இருக்கது எல்லாத்தையும் களுவி எடுத்துட்டுப் போவுது. உள்ள நின்னு ஜெபம் பண்ணேன், என் சத்தம் எனக்கே கேக்கல. இன்னொரு ஆட்டம் போயிட்டு வாரேன், கண்ணாடிய பத்திரமா வச்சிக்க." இவள் எழும்பிக் கையைப் பிடித்தாள். "போதும்ங்க. ரூமுக்குப் போவோம்." "ஏன், பசிக்கா?" "போகாதீங்க. உங்களுக்குச் சொகமாகல." அவர் சிரித்தார். "என்னளா சொல்லுத?" "நான் மாத்திரைய பொடிச்சி சுக்குக் காப்பில போட்டுக் குடுத்தேன். அன்னைலேர்ந்து. தெனம் ரெண்டு நேரமும். இங்க வரும்போது டப்பாவ மறந்துட்டேன். ரெண்டு நாளா உங்களுக்கு மாத்திரை இல்ல. கெஞ்சிக் கேக்கேன், தண்ணிக்குள்ள போகாதீங்க." மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு இவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டதே என்றிருந்தது. அருமைநாயகம் அவளையே பார்த்தார். கண்ணாடி இல்லாத கண், இவள் முகம் அதில் எவ்வளவு தெரிந்ததோ. பிறகு மெள்ளத் தலையை ஆட்டினார். கோபமில்லை, அதுதான் கொடுமை. "பயந்துட்ட. பாஸ்டர் அப்பவே சொன்னாரு, உங்க சாட்சியக் கெடுக்கதுக்குச் சத்துரு வீட்டுக்குள்ளருந்தே ஆளப் பிடிப்பான்னு. உம்மேல தப்பில்ல சீலி." ஈரக் கையை அவள் உச்சந்தலையில் வைத்தார். அத்தனை பேர் போகிற வருகிற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு, பயத்தின் ஆவியே இந்தப் பிள்ளையை விட்டு விலகு என்று சத்தமாக ஜெபித்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் காதுக்குள் போயிற்று. ஒன்றிரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெபத்தை முடித்து ஆமென் என்றார். பழக்க தோஷம், அவளும் ஆமென் என்றாள். அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

போனவர் கூட்டத்துக்குள் இன்னும் முழுசாக நுழையவில்லை. ஆமென் என்று சொன்ன இவள் வாய் அப்படியே திறந்திருந்தது. நிஜத்தைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாரே, பொய் சொன்னபோது ஊரே நம்பிற்றே. அந்தா அந்த நீலத் துண்டு, இப்போது தெரிகிறது, நல்லாத் தெரிகிறது, வரிசையில் நாலாவது ஆள். மூன்றாவது ஆள். பார்த்துக்கொண்டே இரு, ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால் ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாது, நீயும் சுகம், அவரும் சுகம், எல்லாம் சுகம். கால் தானாக எழும்பியது. ஆம்பளைகள் பக்கம் போகிற வழியில் விசில் வைத்துக்கொண்டு நின்ற போலீஸ்காரர், "ஏம்மா, லேடீஸ் அந்தப் பக்கம்" என்றார். "சார், அவங்கள வெளிய கூப்பிடுங்க. நீலத் துண்டு. எங்க வீட்டுக்காரரு." "என்னம்மா, சண்டையா?" அருவி இரைச்சலில் இவள் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. இவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "வலிப்பு சார்! அவங்களுக்கு வலிப்பு உண்டு! வலிப்புக்காரரு!" சபையில் மைக் வைத்துச் சொன்னபோதுகூட அவள் குரல் அவ்வளவு தூரம் போனதில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே உள்ளே ஓடினார்.

இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். நடக்கத் தெரிந்த மனுசனை எதற்குத் தாங்கவேண்டும்? ஆனாலும் தாங்கித்தான் கொண்டுவந்தார்கள். அவர் உதறவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது, விலகி நின்று உற்று உற்றுப் பார்த்தது. காத்து விடுங்கப்பா காத்து விடுங்கப்பா என்று ஒருத்தர் சத்தம் போட்டார். இரும்பு குடுங்க, கையில ஏதாச்சும் இரும்பு குடுங்க என்று எண்ணெய் தேய்க்கிறவன் ஓடிவந்தான், யாரோ ஒரு இளவட்டம் தன் மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிவிட்டான். ஒரு இழுப்பும் இல்லை, ஒரு நடுக்கமும் இல்லை, நல்ல மனுசனாக நிற்கிற ஆளுக்குச் சாவி. மடக்கின விரலை அவர் பிரிக்கவில்லை. எத்தனையோ வருஷம் எத்தனையோ ரோட்டோரத்தில் பழகின கை. பாக்கியசீலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். அவர் இவளைப் பார்த்தார். முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. நம்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "நெசமாவே காப்பிலயா போட்ட?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு யாருக்கும் கேட்காமல், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்ப கர்த்தர் எனக்கு ஒண்ணுமே செய்யலையா சீலி?" என்றார். பைக்குள் கைவிட்டுக் காய்ந்த துண்டைத் தேடினாள்.

"தலையத் தொவட்டுங்க, சளி பிடிச்சிரும்" என்றாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.